கொக்கிக்கு மூன்று ஷிப்டு

பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னீர்கள். ஆசிரியர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, கொஞ்சம் இனிய நினைவு, கடைசியில் நன்றி என்று போனில் மாதிரியும் சொல்லிக் கொடுத்தீர்கள். எனக்கு இனிமையாக எழுத வராது. வேலை பார்த்த காலம் முழுக்கக் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூரு போய் வந்தவள் நான். உட்கார இடம் பிடிக்கச் சண்டை போட்டுப் போட்டு வளர்ந்த வாய் இது. இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸப்பில் ஃபேக்டரி காலனிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். "அன்று நம் இங்கிலீஷ் சார் கொக்கி மாட்டிக் கண்டித்ததால்தான் கேம்ப் பிள்ளைகளும் நாலு இடத்தில் இங்கிலீஷ் பேசிப் பிழைத்தார்கள்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நம் லைன் ஆட்களே போட்டிருக்கிறார்கள். அந்தக் கொக்கியை ஒரு நாள்கூடக் கழுத்தில் மாட்டாத மனுஷன் எழுதுகிறார், மாட்டியவர்கள் கும்பிடுகிறார்கள். 'கேம்ப் பிள்ளைகளும்' என்று ஒரு 'உம்' போட்டாரே, அதற்காகவே இதை எழுதுகிறேன். நமக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்பதை மறந்தவர்கள் படியுங்கள்.

அப்போது நாம் ஏழாவது. கேம்ப் என்கிற சுரங்கத் தொழிலாளர் தட்டி வீட்டு லைனிலிருந்து நாம் ஒரு கூட்டம், ஃபேக்டரி காலனியிலிருந்து இன்னொரு கூட்டம். அவர்கள் ஷூ போட்டு வருவார்கள். நாம் தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண் மேட்டுக்குப் பக்கத்து வழியாக நடந்து வருவோம். காற்றடித்தால் அந்த மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து தலைமயிரிலும் சாப்பாட்டுத் தூக்கிலும் விழும். வகுப்புக்குள் போவதற்கு முன் ஒருவர் தலையை ஒருவர் தட்டிவிடுவோம்.

இங்கிலீஷ் சார் பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் வருவார். மடிப்புக் கலையாத சட்டை. நம் வகுப்பு ஆசிரியரும் அவர்தான். ஏழாவது முடிந்ததும் எட்டாவதில் இங்கிலீஷ் மீடியம் ஒரு பிரிவு, தமிழ் மீடியம் ஒரு பிரிவு. யார் எதற்கு என்று முடிவு செய்கிறவரும் அவரே.

எனக்கு அதில்தான் தலையெழுத்து இருந்தது. எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சுரங்கத்து அண்டர்கிரவுண்டில் வேலை. வீட்டில் மூன்று பெண்கள், நான் மூத்தவள். குடியாத்தத்தில் சித்தி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நைனா சொல்லிவிட்டது: "இங்கிலீஷ் செக்‌ஷன் கெடச்சா படி. இல்லாங்காட்டி சித்தி வூட்டுக்குப் போயி பீடி சுத்து. தமிழ்ல படிச்சிட்டு இங்க இன்னா வேல கீது உனக்கு?" அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்படியென்றால் அவளுக்கும் சம்மதம்.

ஜூன் மாதமே சார் அந்தக் கொக்கியைக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டேஷன் பக்கம் கிடந்ததாம். சுரங்கத்தில் தள்ளுவண்டிச் சங்கிலியை மாட்டுகிற இரும்புக் கொக்கி, இரண்டு பக்கமும் வளைந்து எஸ் எழுத்து மாதிரியே இருக்கும். உள்ளங்கையை விடப் பெரியது. முழுக்கத் துரு. அதில் சணல் கயிறு கட்டியிருந்தார்.

"இங்கிலீஷ்ல ஒருத்தன் போனா எஸ் வரணும். ஹீ கோஸ். பலபேர் போனா எஸ் கூடாது. தே கோ. ஐ, யூ, வீ எதுக்கும் கூடாது. எஸ்ஸை எவன் விடறானோ, வேண்டாத இடத்துல எவன் ஒட்டறானோ, அவன் கழுத்துல இந்த எஸ் தொங்கும். வேற யாராவது தப்பாப் பேசறதைப் புடிச்சுக் குடுத்தா, இது அவன் கழுத்துக்குப் போகும்."

மாட்டியவன் பின்னால் தரையில் உட்கார வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டும். காலையில் மாட்டிக்கொண்டே வர வேண்டும்.

இன்று யோசித்தால் வயிறு எரிகிறது. நம் தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள், போகிறது என்று ஆளுக்கு ஒரு வால் இருக்கிறது. அத்தனை வாலையும் பால்குடி மறக்காத பிள்ளைகூட மாற்றி ஒட்டாது. அதோடு நாம் தண்ணீர்க் குழாயடியில் தெலுங்கு பேசுவோம், கடையில் கன்னடம் பேசுவோம். அந்த மொழிகளிலும் ஆளுக்கு ஒரு வால். இங்கிலீஷில் இருப்பதோ ஒரே ஒரு எஸ். அது நம் தலையில் ஏறாது என்று அந்த மனுஷர் முடிவு கட்டினார்.

முதலில் மாட்டியவள் நான். காரணம் எங்கள் நைனா. நைனா சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் விளக்குத் தூக்கும் வேலை பார்த்தது. அந்தத் துரை பேசிய இங்கிலீஷை அப்படியே பிடித்து வைத்திருந்தது. "ஐ கோஸ், யூ கோஸ், தே கோஸ். எல்லாத்துக்கும் எஸ்ஸு. தொர அப்டித்தான் பேசுவாரு. உங்க சாரு தொர வாயில கேட்டுகிறாரா?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குப் பாடம் நடந்தது. நானும் வகுப்பில் எழுந்து, "தே கோஸ் டவுன் த ஷாஃப்ட்" என்றேன்.

ஃபேக்டரி காலனி வரிசை சிரித்தது.

"எந்த துரை சொல்லிக் குடுத்தாரு இதை?" என்றார் சார்.

"எங்க நைனா சொல்லிச்சு சார்."

இன்னும் சிரிப்பு. கொக்கி என் கழுத்துக்கு வந்தது. நைனா பொய் சொல்லவில்லை. இங்கே வந்த பழைய துரைகளில் பலர் அவர்கள் ஊரில் சுரங்கத்து ஆட்கள், அவர்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான் என்று பெங்களூரு ஆபீசில் ஒரு பெரியவர் சொல்லிப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். துரை பேசினால் அது ஊர்ப் பேச்சு. நான் பேசினால் கழுத்தில் இரும்பு.

அந்த இரும்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வேர்வை பட்டால் ரத்த வாடை அடிக்கும். வெள்ளைச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் செம்பழுப்புக் கறை. அம்மா எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாடி இது, இஸ்கூல்ல கூலி வேலை செய்றியா?"

ஃபேக்டரி காலனிப் பிள்ளைகள் தப்பே விடவில்லை என்று நினைக்காதீர்கள். விட்டார்கள். நாம் கையைத் தூக்கினால், "அது வாய் தவறிடுச்சு, உட்காரு" என்பார் சார். அவர்களுக்கு வாய் தவறும். நமக்கு மட்டும் மூளை தவறும்.

கொக்கி அதிகம் தொங்கியது ஒரே ஒரு பையன் கழுத்தில். எங்கள் லைனின் கடைசி வீடு அவனுடையது. அவன் அப்பா அதற்கு முந்தின வருஷம் சுரங்கத்து அடியில் பாறை வெடித்துச் செத்துப்போனார். அன்று நம் வீடுகளில் தட்டுமுட்டெல்லாம் குலுங்கி விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன்பின் அவன் பேச்சு குறைந்துவிட்டது. தப்பு விடுவான், மாட்டிக்கொள்வான், ஆனால் வேறு யாரையும் பிடித்துக் கொடுக்க மாட்டான். அதனால் கொக்கி அவனிடமே கிடந்தது. கழுத்தில் கயிறு அறுத்துப் புண்ணாகிவிட்டது. ஒரு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

அன்று மத்தியானம் மண் மேட்டு மறைவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வைண்டிங் டிரைவர் மகள்தான் பேச்சை எடுத்தாள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டு, அதுதான் கேஜ், அதை இழுக்கிற பெரிய இன்ஜினை ஓட்டுகிறவர் அவள் அப்பா. வீட்டில் ஷிப்டு பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"அவன் மட்டும் இன்னாத்துக்குடி டபுள் ஷிப்டு பாக்கணும்?" என்றாள்.

"பின்ன நீ மாட்டிக்கிறியா?"

"மாட்டிக்கிறேன். அப்பால நீ மாட்டிக்க. அப்பால அவன். காலைல ஒரு ஆளு, மத்தியானம் ஒரு ஆளு, வூட்டுக்கு எடுத்துகினு போறது நைட் ஷிப்டு. நாளைக்கு வேற ஆளுங்க."

"அது எப்டி? தப்பு வுட்டாதான மாட்டுவாரு?"

"வுடு. வேணும்னே வுடு."

 எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்.

சட்டத்தையும் அவளே போட்டாள். "ரிலீவர் வந்து லீவர்ல கை வெச்சாதான் எங்க நைனா கைய எடுக்கும். கேஜ் பாதிவழில தொங்கும்போது வுட்டுட்டு வர முடியாது. அது மாதிரிதான். அடுத்த ஆளு ரெடின்னு சொல்லாம எவளும் கைய தூக்கக் கூடாது." ரெடி என்று சொல்லப் பெஞ்சில் தட்டுவது. கேஜுக்கு மணி அடிக்கிற மாதிரி மாட்டியிருப்பவர் தட்ட வேண்டும், மாற்றுகிறவர் திருப்பித் தட்ட வேண்டும். அதன்பின் மாற்றுகிறவர் எழுந்து தப்பாகப் பேச வேண்டும், மாட்டியிருப்பவர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னான். மறுநாள் வந்தான்.

அந்த முதல் நாள் கூத்தை மறக்கவே முடியாது. காலையில் நான் வேண்டுமென்றே தப்பு விட்டு, அவனிடமிருந்த கொக்கி என்னிடம் வந்துவிட்டது. நைட் ஷிப்டுக்கு என்னை மாற்ற வேண்டியவன் அவன். நான் தட்டினேன், அவனும் தட்டினான். சார் ஏதோ கேட்க, எழுந்து நெஞ்சை நிமிர்த்தி, "த டாக் பார்க்ஸ்" என்றான்.

"கரெக்ட். உட்காரு" என்றார் சார்.

அவன் முழித்தான். தப்பு என்று நினைத்துத்தான் சொன்னான். நான் கொக்கியோடு வீட்டுக்குப் போனேன்.

"ஒரு தப்ப ஒழுங்கா வுடத் தெரியலியாடா உனக்கு?" என்று வழியெல்லாம் திட்டினாள் வைண்டிங் டிரைவர் மகள்.

"எது தப்புன்னு தெரிஞ்சாதான வுடறது" என்றான் அவன்.

பாருங்கள், எங்கள் பள்ளிக்கூடம் அங்கேதான் ஆரம்பித்தது. தப்பு வேண்டுமென்றால் சரி எது என்று தெரிய வேண்டும். அதுவும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஷிப்டு இல்லாத ஆள் தவறி ஒரு தப்பு விட்டால் ஏற்பாடே கெட்டுவிடும், கொக்கி முறை இல்லாதவனிடம் போய்விடும். ஆகவே முறை வரும்வரை எல்லாரும் சரியாகப் பேச வேண்டும். முறை வந்ததும், தட்டின உடனே, தப்பாகப் பேச வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரமெல்லாம் மண் மேட்டு மறைவில் இதுதான் வேலை. ஒருத்தி "மதர்" என்பாள், மற்றவர்கள் "குக்ஸ்" என்று கத்த வேண்டும். "மதர் அண்ட் ஆன்ட்டி" என்பாள், "குக்". சங்கு ஊதினால் "சைரன் ப்ளோஸ்". ஷிப்டு விட்டு ஆட்கள் வந்தால் "மென் கம் அப்". கழுதை போனால் கழுதை, கழுதைகள் போனால் கழுதைகள். தப்பாகச் சொல்கிறவன் எல்லார் தூக்கையும் கழுவ வேண்டும். குழாயடிக்கு, மாரியம்மன் கோவிலுக்கு, ரேஷன் கடை வரிசைக்கு, எங்கே போனாலும் இதே பேச்சு. "இந்தப் பசங்களுக்குப் பேய் புடிச்சிகிச்சா?" என்று லைன் பெண்கள் கேட்டார்கள்.

தீபாவளி வந்தபோது நமக்கு எந்த வாக்கியத்தையும் சரியாகவும் சொல்லத் தெரியும், அடுத்த நொடியே தப்பாகவும் சொல்லத் தெரியும். அந்தப் பையன்தான் எல்லாரையும் விடக் கில்லாடி. அவன் விடுகிற தப்பு அவ்வளவு இயல்பாக இருக்கும், நமக்கே சந்தேகம் வரும்.

சார் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கொக்கி கேம்ப் பிள்ளைகள் கழுத்தை விட்டுப் போகவே இல்லை என்பது தெரிந்தது. தினம் தினம் தப்பு, அதுவும் முறை வைத்த மாதிரி. முறை வைத்த மாதிரி இருக்கிறதே, ஏன் என்று அந்தப் படித்த மனுஷருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நாம் முட்டாள்கள் என்பது முன்பே முடிவாகிவிட்டதால் அவருக்கு வேறு கேள்வி எழவில்லை.

பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் அறிவித்தார். "கொக்கி மாட்டினவங்க யாருக்கும் இங்கிலீஷ் செக்‌ஷன் கிடையாது. வருஷம் பூராச் சொல்லியும் ஏறாத மண்டை இனிமே ஏறாது."

வைண்டிங் டிரைவர் மகள் என்னைப் பார்த்தாள்.  ஒருவனைக் காப்பாற்ற எல்லாரும் மாட்டினோம். இப்போது எல்லாரும் சேர்ந்து வெளியே.

மறுநாள் நைனாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நைனா ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தது, முட்டிவரை சேறு. உள்ளே வராமல் வாசலில் நின்றது. "உங்க பொண்ணுக்கு வராதுப்பா. வேற ஏதாவது கைத்தொழில் பாருங்க" என்றார் சார். "சரிங்க சார்" என்றது நைனா. அந்தச் 'சரிங்க சார்' என்னைக் குத்தியது போலக் கொக்கி ஒரு நாளும் குத்தவில்லை. அடியில் பாறை முனகினால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று கண்டுபிடிக்கிற ஆள், மடிப்புச் சட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அன்று சாயங்காலமே சித்திக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு. அம்மா என் பாவாடை சட்டையைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தாள்.

மறுநாள் காலை கொக்கி என் முறை. வகுப்புக்குப் போகவில்லை. நேராகப் பெரிய டீச்சர், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், அறைக்குப் போனேன். பெரிய டீச்சர் கோலார்க்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். கண்டிப்பான நல்ல வாத்தியார் என்று சார்மேல் அவருக்கு நல்ல எண்ணம். கொக்கி விஷயம் அவர் காதுக்குப் போகவே இல்லை.

"ஏனம்மா, இன்னா இது கழுத்துல?"

நான் தமிழில் பதில் சொல்லவில்லை. "சார் கம்ஸ் ஃப்ரம் பங்காருபேட்டை. ஹீ ஹேங்ஸ் திஸ் ஆன் அஸ். வீ டேக் டர்ன்ஸ், டீச்சர். ஹீ திங்க்ஸ் வீ டோன்ட் நோ. வீ நோ. மை ஃபாதர் ஸேஸ் ஐ கோ டு குடியாத்தம் ஆன் சண்டே. ஐ டோன்ட் வான்ட் டு கோ."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "டேக் டர்ன்ஸா? அப்டின்னா?"

அப்புறம் தமிழில் சொன்னேன். ஷிப்டு, ரிலீவர், பெஞ்சில் தட்டுவது, வேண்டுமென்றே விடும் தப்பு, எல்லாவற்றையும். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

எங்களை எல்லாம் வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார். சாரும் வந்தார். பெரிய டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் ஒரு எஸ்ஸை விடவில்லை, ஒரு எஸ்ஸை அதிகம் ஒட்டவில்லை. வைண்டிங் டிரைவர் மகள், "மை ஃபாதர் ஸிட்ஸ் இன் த இன்ஜின் ஹவுஸ். ஹீ லிஸன்ஸ் டு த பெல். த மென் ட்ரஸ்ட் ஹிம்" என்று பாட்டு மாதிரிச் சொன்னாள்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்குங்க மேடம்" என்றார் சார்.

"அப்டியா? நீங்களே கேளுங்க."

சார் கடைசியில் நின்ற பையனைப் பிடித்தார். "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?"

 அவன் அப்பா செத்தது லைனில் நாய்க்குக்கூடத் தெரியும். வருஷம் முழுக்க அவன் கழுத்தில் இரும்பு மாட்டிய மனுஷருக்குத் தெரியவில்லை.

பையன் சாரையே பார்த்தான். "மை ஃபாதர் டஸ் நத்திங், சார். ஹீ இஸ் டெட். மை மதர் வொர்க்ஸ் இன் த ஹாஸ்பிடல். ஷீ வாஷஸ் த ஷீட்ஸ். வீ ஈட்."

சார் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் என்னிடம் வந்து கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். பின்னாலிருந்து வைண்டிங் டிரைவர் மகள் மெதுவாகச் சொன்னாள்: "ஷிப்டு முடிஞ்சுதுடி."

எட்டாவது இங்கிலீஷ் செக்‌ஷனில் லைன் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. பெஞ்சு போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கிப் போட்டோம். நாமே தூக்கினோம், முன்வரிசையில் போட்டோம். அந்தக் கொக்கி எங்கே போனது தெரியுமா? நம் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதைக் கட்டியிருந்த கயிறு நைந்துபோயிருந்தது. பெரிய டீச்சர் பியூனைக் கூப்பிட்டு, மரக்கிளையில் சங்கிலி போட்டு, இந்தக் கொக்கியில் மணியை மாட்டச் சொன்னார். சார் வகுப்புக்கு வருவதும் போவதும் அதற்கப்புறம் அந்தக் கொக்கியில் தொங்கிய மணியைக் கேட்டுத்தான். இன்று பள்ளிக்கூடமும் இல்லை, மணியும் இல்லை. கொக்கி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ.

ஆகவே மலரில் என் பெயருக்குக் கீழே சாருக்கு நன்றி என்று அச்சடிக்காதீர்கள். நமக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது நாம்தான். ஒருத்தன் கழுத்து வலியை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளப் போய்க் கற்றுக்கொண்டோம். அந்த ஒருத்தன்தான் இன்று இந்த மலருக்குப் பொறுப்பாளர், போன் பண்ணி எனக்கு மாதிரி சொன்னவர். ஐயா, நீங்கள் பெரிய மனுஷராகிவிட்டீர்கள், அதற்காக இதில் ஒரு வரியைக்கூட வெட்டாதீர்கள்.

ஒன்று பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எட்டாவதில் இடம் உண்டு என்பது தெரியாமல், சித்தி சொன்னபடி வந்துவிட்டாள். லைன் முனையில் நைனா அவளை மறித்தது. குழாயடியில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் குடத்தோடு வரிசையில் நின்றேன்.

"அவ வரமாட்டா. நீ ஒரு வாய் துன்னுட்டுக் கெளம்பு" என்றது நைனா.

"ஏன் மாமா, இன்னா ஆச்சு? நீதான சொல்லி அனுப்புன?"

நைனா குழாயடிப் பக்கம் திரும்பிக்கொண்டது. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று, துரை சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னது:

"ஷீ கோஸ் டு ஸ்கூல்."

எந்தச் சாரும் அந்த எஸ்ஸில் கை வைக்க முடியாது.